கடைசிப் பத்தி

செய்தித்தாள் டெஸ்க்கில் புதிதாகச் சேர்கிறவனுக்கு முதலில் வெட்டத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்; எழுதுவதெல்லாம் பிறகு. முக்கியமானது முதல் பத்தியில், அதைவிடக் குறைந்தது இரண்டாவதில் என்று செய்தி இறங்கிக்கொண்டே போக வேண்டும். ராத்திரி பத்தரைக்கு ஒரு நகைக்கடை விளம்பரம் வந்து விழுந்தால் யாரையும் கேட்காமல் அடியிலிருந்து நறுக்கிவிடலாம். பேஜ் போடுகிற தம்பிக்குச் செய்தி என்னவென்றே தெரிய வேண்டியதில்லை, எத்தனை சென்டிமீட்டர் போக வேண்டும் என்று தெரிந்தால் போதும். விபத்து, கொலை, நகர்மன்றக் கூட்டம் எல்லாவற்றுக்கும் இந்த ஏற்பாடு சரிவரும். கடைசிப் பத்தியில் எப்படியும் ‘போலீசார் விசாரித்து வருகின்றனர்’ என்றுதான் இருக்கும். போனால் ஒருத்தருக்கும் நஷ்டமில்லை.

பருவநிலை மாற்றச் செய்திக்கு இது சரிவராது. அதன் உயிர் அடியில் இருக்கிறது. எதை வைத்துப் போட்ட கணக்கு, எதோடு ஒப்பிட்டார்கள், எவ்வளவு தூரம் நிச்சயம், எதைச் சேர்க்காமல் விட்டார்கள் என்பதெல்லாம் ஏஜென்சிக் காப்பியில் எட்டாவது, ஒன்பதாவது பத்தியில்தான் வரும். கத்தி முதலில் விழுவதும் அங்கேதான்.

ஒரு தமிழ் நாளிதழின் இரவு டெஸ்க்கில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தேன். பி.எஸ்சி. இயற்பியல் படித்த ஒரே பாவத்துக்காக, ‘சயின்ஸ் காப்பியா, அவர்கிட்ட குடு’ என்று எல்லாம் என் மேஜைக்கு வந்துவிடும். பூமி சூடாகவில்லை என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தோடு பார்த்தால் ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. நாம் எரிக்கிற நிலக்கரியும் எண்ணெயும்தான் காரணம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆபத்தைச் சொல்கிற விதத்தில்தான் சந்தேகம். மிகைப்படுத்துவது ஒரு சதி என்று சிலர் எழுதுவார்கள். நான் பார்த்த டெஸ்க்கில் சதி செய்ய ஆளும் கிடையாது, நேரமும் கிடையாது. மிகை என்பது ராத்திரி பதினோரு மணிக்கு இடம் போதாமல் உண்டாகிற சமாசாரம்.

தமிழ்ப் பத்திரிகைக்கு இன்னொரு படி கூடுதலாக உண்டு. கடை போஸ்டர். பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்குமே, அது. மூன்று வார்த்தை, மிஞ்சினால் நான்கு. ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை பத்திரிகைக் குறிப்பாகச் சுருங்கி, அது ஏஜென்சிக் காப்பியாகி, அது எங்கள் செய்தியாகி, அது தலைப்பாகி, கடைசியில் போஸ்டராக வந்து நிற்கும்போது மிச்சமிருப்பது ஓர் ஊர்ப்பெயர், ஒரு வினைச்சொல், ஒரு கேள்விக்குறி. ‘சென்னை மூழ்குமா?’ கேள்விக்குறி எங்களுக்கு வக்கீல் மாதிரி. நாங்கள் சொல்லவில்லையே, கேட்கத்தானே செய்தோம் என்று தப்பித்துக்கொள்ளலாம்.

2019 அக்டோபரில் கிளைமேட் சென்ட்ரல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வு வந்தபோது இந்தக் கேள்விக்குறிக்கு நல்ல வேலை. 2050-க்குள் 30 கோடிப் பேர் வசிக்கிற நிலம், வருஷத்துக்கு ஒருமுறையாவது கடல்வெள்ளம் ஏறுகிற மட்டத்துக்குக் கீழே போய்விடும் என்றது அது. உடன் வந்த வரைபடத்தில் மும்பையின் பெரும்பகுதி கடலின் நிறத்தில் இருந்தது. படம் எல்லாப் பத்திரிகையிலும் ஓடியது. அதே ஆய்வில் இன்னொரு எண் இருந்தது: அந்த மட்டத்துக்குக் கீழே இன்றைக்கே 25 கோடிப் பேர் வசிக்கிறார்கள். பழைய செயற்கைக்கோள் அளவு மரத்தின் உச்சியையும் கட்டடத்தின் மாடியையும் தரை என்று எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பிழையைத் திருத்தியதுதான் ஆய்வின் பெரிய சாதனை. கடல்சுவர், கரை, மதகு எதையும் அந்தப் படம் கணக்கில் கொள்ளவில்லை என்பதையும் ஆய்வாளர்களே சொல்லியிருந்தார்கள். 25 கோடிப் பேர் இப்போதே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டால் அது வேறொரு செய்தி; என் கணக்கில் அதைவிட நல்ல செய்தி. படத்துக்கு மூன்று காலம் அகலம் கொடுத்தபின் அதற்கு எங்கே இடம்?

இமயமலைப் பனியாறு விவகாரம் இதற்கெல்லாம் தாத்தா. ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. 2007-இல் வெளியிட்ட நான்காம் அறிக்கையின் இரண்டாவது தொகுதி, பத்தாவது அத்தியாயத்தில், 2035-க்குள் இமயமலைப் பனியாறுகள் மறைந்துபோகும் வாய்ப்பு மிக அதிகம் என்று ஒரு வரி. மேற்கோள் காட்டியிருந்தது சக விஞ்ஞானிகள் சரிபார்த்த கட்டுரையை அல்ல, டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற தொண்டு நிறுவனத்தின் 2005 அறிக்கையை. அதற்கு ஆதாரம், 1999-இல் நியூ சயின்டிஸ்ட் பத்திரிகையில் வந்த ஒரு பேட்டிச் செய்தி. 1996-இல் வந்த ஒரு ரஷ்ய விஞ்ஞானியின் ஆவணத்தில் 2350 என்று இருந்தது இடம் மாறி 2035 ஆகியிருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. நூற்றுக்கணக்கான மீட்டர் கனமுள்ள பனி இருபத்தெட்டு வருஷத்தில் எப்படிப் போகும் என்று எந்தப் பனியாற்று நிபுணரும் கேட்டிருப்பார். 2009 நவம்பரில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ஓய்வுபெற்ற அதிகாரி வி.கே. ரெய்னா இதற்கு மாறாக எழுதிய அறிக்கையை அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வெளியிட்டபோது, ஐ.பி.சி.சி. தலைவர் ராஜேந்திர பச்சௌரி அதை மாந்திரீக விஞ்ஞானம் என்று எள்ளினார். இரண்டே மாதத்தில், 2010 ஜனவரியில், ஐ.பி.சி.சி. வருத்தம் தெரிவித்தது.

கொள்கை வகுப்போருக்கான சுருக்கத்தில் அந்த வரி இடம்பெறவே இல்லை என்பதுதான் இதில் எனக்குச் சுவாரசியம். விஞ்ஞானிகள் அதைப் பெரிதாகத் தூக்கிப் பிடிக்கவில்லை. பெரிதாக்கியது எங்களைப் போன்றவர்கள். அதில் ஒரு வருஷம் இருந்தது. அந்த வருஷம் வாசகர் உயிரோடு பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்தது. ஒரு செய்திக்கு வேறென்ன வேண்டும்? பனியாறுகள் உருகுவது நிஜம். காத்மாண்டுவின் ஈசிமோட் நிறுவனம் 2023-இல் சொன்னது: முந்தைய பத்தாண்டைவிட 2011-20இல் இமயமலைப் பகுதிப் பனியாறுகள் 65 சதவீதம் வேகமாகப் பனியை இழந்திருக்கின்றன. வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்தினாலும் நூற்றாண்டு இறுதிக்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று 2019-இலேயே சொல்லியிருந்தார்கள். சிந்துவையும் கங்கையையும் நம்பியிருப்பவர்களுக்கு இதைவிட வேறு பயம் வேண்டாம். எங்கள் பேப்பரில் அது உள்பக்கத்தில் ஒற்றைக் காலம். 2035 முதல் பக்கத்தில் வந்திருந்தது.

டெஸ்க் வாழ்க்கையில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது 2022 மே மாதம்தான். வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மார்ச்சிலேயே வெயில் கொளுத்தி, கோதுமை கருகி, இந்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்திருந்தது. மே 18-ஆம் தேதி வாக்கில் பிரிட்டன் வானிலைத் துறையின் காப்பி வந்தது. பருவநிலை மாற்றத்தால் இத்தகைய வெப்ப அலைக்கு வாய்ப்பு நூறு மடங்கு கூடியிருக்கிறது என்றது. தலைப்பாயிற்று. அடுத்த வாரமே வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் என்ற விஞ்ஞானிகள் குழுவின் காப்பி. அதில் முப்பது மடங்கு.

செய்தி ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“என்ன சார், போன வாரம் நூறுன்னு போட்டோம். இப்ப முப்பதுங்கறான். குறைஞ்சிடுச்சா?”

“ரெண்டு பேரும் வேற வேற கேள்வி கேட்டிருக்காங்க சார்.”

“அதைத் தலைப்புல போட முடியுமா?”

முடியாதுதான். ஆனால் விஷயம் அதில்தான் இருந்தது. பிரிட்டன்காரர்கள் கேட்டது: 2010-இல் ஏப்ரல், மே மாதங்களில் பதிவான சராசரி வெப்பத்தைத் தாண்ட எவ்வளவு வாய்ப்பு? மனிதர் சூடேற்றாத உலகில் 312 வருஷத்துக்கு ஒருமுறை, இன்று 3.1 வருஷத்துக்கு ஒருமுறை. இரண்டாவது குழு எடுத்துக்கொண்டது 2022 மார்ச், ஏப்ரல் மாதங்களின் பகல் உச்ச வெப்பத்தை. அது இன்றைய சூடான உலகிலும் நூறு வருஷத்துக்கு ஒருமுறை நேரக்கூடிய அளவுக்கு அபூர்வம். ஆனாலும் முன்பைவிட முப்பது மடங்கு சாத்தியம். முன்னதை மட்டும் படித்தவர், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இதே கதிதான் என்று நினைப்பார். இரண்டாவதை முழுக்கப் படித்தவர், என் ஆயுளில் இன்னொரு தடவை வராது போலிருக்கிறதே என்பார். இரண்டு ஆய்வும் சரி.

இரண்டாவது காப்பியின் கீழ்ப்பகுதியில் மூன்றாவது எண் ஒன்று இருந்தது. பருவநிலை மாற்றம் இல்லாதிருந்தால் அந்த வெப்ப அலை சுமார் ஒரு டிகிரி குறைவாக இருந்திருக்கும்.

“ஒரு டிகிரியா? ஒரு டிகிரிக்கு எவன் சார் பேப்பர் வாங்குவான்?” என்றார் ஆசிரியர்.

முப்பது மடங்கும் ஒரு டிகிரியும் ஒரே விஷயத்தின் இரண்டு கணக்கு. வகுப்பில் எல்லோருக்கும் ஐந்து மார்க் கருணை மார்க் போட்டால் சராசரி ஐந்துதான் கூடும். தொண்ணூற்றைந்துக்கு மேல் எடுத்தவர்கள் இரண்டு பேர் இருந்த இடத்தில் பதினைந்து பேர் ஆகிவிடுவார்கள். தலைமையாசிரியர் பெற்றோரிடம் எதைச் சொல்வார் என்பது அவருக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. பயமுறுத்த வேண்டுமானால் மடங்கு, அலட்சியப்படுத்த வேண்டுமானால் டிகிரி. பயமுறுத்துகிறவரும் பொய் சொல்லவில்லை, அலட்சியப்படுத்துகிறவரும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் இந்த வேலை கஷ்டம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பெட்டிச்செய்தி எழுதினேன். சிட்டி எடிஷனில் வந்தது. வெளியூர் எடிஷனில் ஒரு ஜவுளிக்கடை வந்தது. அந்த வாரம் வந்த வாசகர் கடிதம் ஒன்று: ‘போன வாரம் நூறு மடங்கு, இந்த வாரம் முப்பது மடங்கு. ஆடித் தள்ளுபடி முன்கூட்டியே ஆரம்பமா?’ நன்றாகச் சிரித்தோம். அவருக்குப் பதில் எழுத யாரும் இல்லை.

வெட்டுவது ஒரு பக்கத்தாரின் பழக்கம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்டீபன் ஷ்னைடர் என்ற அமெரிக்கப் பருவநிலை விஞ்ஞானி 1989-இல் டிஸ்கவர் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், மக்களை அசைக்க வேண்டுமென்றால் திகிலான காட்சிகளைக் காட்ட வேண்டியிருக்கிறது, விஞ்ஞானியாகவோ எல்லாச் சந்தேகங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, செயல்படவைப்பதற்கும் நேர்மைக்கும் நடுவே எங்கே நிற்பது என்று ஒவ்வொருவரும் முடிவு செய்துகொள்ள வேண்டும் என்ற பொருளில் பேசினார். பருவநிலை மாற்றத்தை மறுப்பவர்கள் இதை எத்தனையோ வருஷம் மேற்கோள் காட்டினார்கள்: பாருங்கள், பொய் சொல்லலாம் என்கிறார். அவர் அந்தப் பேச்சை முடித்த வரி, இரண்டுமாக இருப்பதே அதன் அர்த்தம் என்று நம்புகிறேன் என்பது. அந்த வரி பெரும்பாலும் மேற்கோளில் இருக்காது. அவர்களுக்கும் எங்கள் கத்திதான்.

இன்னொரு வெட்டு பலருக்குத் தெரியாது. 2100-இல் இது அழியும், அது பாதியாகும் என்று வந்த ஆய்வுகளில் கணிசமானவை ஆர்.சி.பி. 8.5 என்ற மிக மோசமான அனுமானத்தின்மேல் கட்டியவை. நூற்றாண்டு இறுதிக்குள் உலகின் நிலக்கரிப் பயன்பாடு ஐந்து மடங்காகும் என்று வைத்துக்கொள்கிறது அது. அதை ‘இப்படியே போனால்’ என்று சொல்வது தவறு என்று ஹவுஸ்ஃபாதரும் பீட்டர்ஸும் 2020 ஜனவரியில் நேச்சர் இதழில் எழுதினார்கள். இருவரும் பருவநிலை விஞ்ஞானத்துக்குள்ளேயே இருப்பவர்கள். எங்கள் செய்திகளில் ‘இப்படியே போனால்’ என்றுதான் போகும்.

சரி, இதனால் என்ன கெட்டுப்போய்விட்டது என்று கேட்கலாம். கொஞ்சம் மிகைப்படுத்தினால்தானே ஜனங்கள் விழித்துக்கொள்வார்கள்? டெஸ்க்கில் பல பேர் அப்படித்தான் நினைத்தார்கள், நல்லெண்ணத்தோடு. எனக்கு 2015 டிசம்பர் சென்னை வெள்ளம்தான் பதில்.

டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச்சேர முடியாமல், 1878-இல் தொடங்கிய ‘தி ஹிந்து’வே அன்றைக்கு அச்சாகவில்லை. அதே வாரம் பாரிஸில் பருவநிலை மாநாடு நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து வந்த காப்பிகளில் சென்னையின் பெயர் அடிபட்டது. உலகமே நம்மைப் பேசுகிறது என்பதில் டெஸ்க்குக்கு ஒரு பெருமை வேறு. காரணம் என்ன என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் தயாராக இருந்தது.

மறு வருஷக் கடைசியில் அமெரிக்க வானிலைச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. வான் ஓல்டன்பார்க், ஃபிரெடரிக்கே ஆட்டோ, டெல்லி ஐ.ஐ.டி.யின் கிருஷ்ண அச்சுதராவ் ஆகியோர் அடங்கிய குழு. வெப்ப அலைக்கு முப்பது மடங்கு சொன்ன குழுவும் இவர்களைச் சேர்ந்ததுதான். பருவநிலை மாற்றத்தை மறுக்கிறவர்கள் என்று யாரும் இவர்களைச் சொல்ல முடியாது. சென்னையின் அந்த மழையில் புவி வெப்பமாதலின் பங்கு தங்களுக்குப் புலப்படவில்லை என்பது அவர்கள் முடிவு. வங்காள விரிகுடாவின் மேற்குப் பகுதியில் கடந்த முப்பத்தைந்து வருஷத்தில் கடலின் மேற்பரப்பு வெப்பம் கூடவில்லை. காற்றிலுள்ள மாசுத் துகள்கள் சூட்டை மட்டுப்படுத்தியிருக்கலாம். இனிமேலும் இப்படியே இருக்கும் என்று அவர்கள் சொல்லவில்லை. அதை எடுத்துக்கொண்டு பருவநிலை மாற்றமே புளுகு என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டவர்கள் இந்தக் கடைசி விஷயத்தை வெட்டிவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

2018-இல் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட முறையைக் குறைசொல்லி, மனிதத் தவறால் வந்த பேரிடர் என்றது. அடையாற்றின் கரையில் என்னென்ன எழும்பியிருக்கிறது, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதைக் கண்ணுள்ள யாரும் பார்க்கலாம். வானத்தின்மேல் பழி விழுந்தால் ஏரிக்குள் மனை போட அனுமதி கொடுத்தவருக்கு எவ்வளவு நிம்மதி! மிகைப்படுத்துவதால் விழித்துக்கொள்வார்கள் என்ற வாதத்தில் நான் நம்பிக்கை இழந்தது அங்கேதான். அன்று தூங்கப்போக வசதி செய்துகொண்டவர்கள் பல பேர்.

மைக் ஹல்ம் என்ற பிரிட்டிஷ் பேராசிரியர் இதைத்தான் வேறு வகையில் 2006-லிருந்து எழுதிவருகிறார். டிண்டால் பருவநிலை ஆய்வு மையத்தைத் தொடங்கி நடத்தியவர். பேரழிவு, கெடு முடிந்தது என்ற பாஷையால் சொந்த விஞ்ஞானத்துக்கே கேடு என்பது அவர் கட்சி. நான் அவரைத் தாமதமாகத்தான் படித்தேன். நம் ஊர் டெஸ்க்கில் அவர் உட்கார்ந்திருந்தால் இன்னும் கடுமையாக எழுதியிருப்பார்.

ஓய்வு பெற்றபின் இதையெல்லாம் மறுபடி யோசிக்கவைத்தவர் வேளச்சேரியில் இருக்கிற அக்கா மருமகன். 2024 அக்டோபர் 16-ஆம் தேதிக்குச் சென்னைக்கு ரெட் அலர்ட். இருபது சென்டிமீட்டருக்கு மேல், வானிலைத் துறையின் கணக்கில் அதி கனமழை. முந்தின நாளே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் முழுக்க, வெள்ளத்துக்குப் பயந்து கொண்டுவந்து நிறுத்திய கார்கள். அபராதம் போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பி, போலீசே இல்லை என்று மறுத்தது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்துவிட, 16-ஆம் தேதி சென்னையில் மழை பெயருக்குத்தான். வானிலைத் துறையைக் கிண்டல் செய்யாதவர் பாக்கியில்லை. நான் போனில் கேட்டேன்.

“என்ன மாப்ளே, ஏமாந்துட்டீங்களா?”

“எதுக்கு மாமா ஏமாறணும்? பாலம் வரைக்கும் போயிட்டு வந்த பெட்ரோல்தானே. 2015-ல என் வண்டி முங்கினப்போ, தண்ணி உள்ள இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிட்டீங்க, இன்ஜினுக்கு கிளெய்ம் கிடையாதுன்னு கைவிரிச்சான். அஞ்சு தடவை நிறுத்தி நாலு தடவை மழை வராட்டியும் எனக்கு லாபம்தான்.”

வாய்ப்பையும் இழப்பையும் பெருக்கிப் பார்க்கிறது இது. நிபுணர்கள் செய்வதும் அதுதான். அடுத்த மாதக் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது மறுபடியும் பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அது புதுச்சேரிப் பக்கம் கரை கடந்து, விழுப்புரம் மாவட்டத்தை மூழ்கடித்தது.

பொங்கலுக்குப் போயிருந்தபோது அவர் என்னிடம் ஒரு கணக்குக் கேட்டார். வீட்டுக்கடன் இன்னும் இருபது வருஷம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற வெள்ளம் என்று 2015-ஐச் சொன்னீர்களே, வந்துவிட்டது, இனி என் பேரன் காலத்தில்தானா? அப்படியில்லை, ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள் என்றேன். இருபது வருஷத்தில் ஒருமுறையாவது வர நூற்றுக்குப் பதினெட்டு. முப்பது வருஷமென்றால் இருபத்தாறு. அதுவும் மழையும் ஏரியும் இப்போதிருப்பது போலவே இருந்தால். 2023 மிக்ஜாம் புயலிலும் வீட்டுக்குள் தண்ணீர் பார்த்தவர்; அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் திரும்பச் சொல்லச் சொன்னார்.

வீட்டைச் சுற்றிலும் ஜாக்கி கொடுத்து அப்படியே தூக்குகிறார்களே, அதற்கு இரண்டு இடத்தில் கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறார். அடிக்கு இவ்வளவு என்று ரேட். மூன்றடி தூக்கினால் போதுமா, ஐந்தடி வேண்டுமா என்பதுதான் அவர் கேள்வி. 2050-இல் வேளச்சேரி மூழ்குமா என்று கேட்டுப் போட்ட பேப்பரை எல்லாம் படித்திருக்கிறார். தன் தெருவுக்கு எத்தனை அடி என்று எதிலும் போடவில்லை என்றார். மாநகராட்சி வார்டு ஆபீசில் கேட்டுப்பார்க்கலாம் என்று திங்கட்கிழமை அவரோடு போனேன். வெள்ளம் நின்ற உயரத்தைத் தெருவாரியாகக் குறித்த படம் ஏதும் தங்களிடம் இல்லை, எழுதிக்கொடுத்தால் மேலே அனுப்புகிறோம் என்றார்கள். எழுதிக்கொடுத்திருக்கிறோம். அதுவரைக்கும் 2015-இல் பக்கத்து வீட்டுச் சுவரில் படிந்த கோட்டை வைத்து நாலரை அடி என்று முடிவு செய்திருக்கிறார்.